பொதுமொழி பேசும் பொருள்கள்

நுழையும்முன்

ஒரு நிறுவனம் உருவாக்கிய பொத்தானை அழுத்தினால், மற்றொரு நிறுவனத்தின் விளக்கு எரிய வேண்டும். அதற்கு அவ்விரு பொருள்களுக்கும் பொதுவான மொழி ஒன்று தேவை. அம்மொழியை வகுப்பவர் யார்? ஒன்றோடொன்று போட்டியிடும் நிறுவனங்கள் அதனை ஏற்றது எவ்வாறு? இவற்றை விளக்குகிறது இப்பாடம்.

ஒரே வீட்டில் பல மொழிகள்

விளக்கு, கதவுப் பூட்டு, வெப்ப உணரி போன்றவை கம்பியில்லாத் தொடர்பில் இணைந்து இயங்கும் வீட்டைத் திறன்மிகு இல்லம் என்பர். தொடக்கத்தில் நிறுவனங்கள் பலவும் தத்தம் பொருள்களுக்கெனத் தனிச் செயலியையும் தனி மையக்கருவியையும் அமைத்தன. ஒரு நிறுவனத்தின் பொருளை வாங்கியவர், அடுத்த பொருளையும் அந்நிறுவனத்திடமே வாங்க வேண்டியவரானார்.

இதில் வேறோர் இடரும் இருந்தது. ரிவால்வ் என்னும் நிறுவனத்தை 2014ஆம் ஆண்டில் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் ரிவால்வ் மையக்கருவிக்கான இணையச் சேவை நிறுத்தப்பட்டது. கருவியில் பழுது ஏதும் இல்லை; ஆயினும் அது பயனற்றுப் போனது. விலை கொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் யாருடையது என்னும் வினா அப்போது எழுந்தது.

தேனீ தந்த பெயர்

இச்சிக்கலைத் தீர்க்க நிறுவனங்கள் கூடி உருவாக்கிய அமைப்புகளுள் ஒன்று, 2002ஆம் ஆண்டில் தோன்றிய ஜிக்பீ கூட்டமைப்பு. தேனீக்களின் ஆட்டத்தை நினைவூட்டும் பெயர் இது. ஜிக்பீ விநாடிக்கு 250 கிலோபிட் அளவுத் தகவலையே அனுப்பவல்லது. திரைப்படம் காண இவ்வேகம் போதாது. விளக்கை ஏற்று, கதவைப் பூட்டு என்னும் சிறு கட்டளைகளுக்கு இதுவே மிகுதி. வேகம் குறைவு, மின்செலவும் குறைவு. ஆதலால் உணரி ஒன்று சிறிய மின்கலத்தைக் கொண்டே நெடுங்காலம் இயங்கும். மின்இணைப்பிலுள்ள விளக்குகள், தமக்கு வந்த செய்தியை அடுத்த கருவிக்குக் கடத்தி, வலைபோல் வீடு முழுதும் பரப்பும்.

எனினும், பெயர் ஒன்றானதால் மொழி ஒன்றாகிவிடவில்லை. ஜிக்பீக்குள்ளேயே வீட்டுத் தானியக்கத்திற்கு ஒரு விதித்தொகுப்பும் விளக்குகளுக்கு வேறொரு விதித்தொகுப்பும் இருந்தன. ஜிக்பீ 3.0 என்னும் பதிப்பே அவற்றை ஒன்றிணைத்தது.

> தெரியுமா?
> தேனீ தன் ஆட்டத்தின் வாயிலாக, உணவு இருக்கும் திசையையும் தொலைவையும் பிற தேனீக்களுக்கு உணர்த்துகிறது. இதனை ஆராய்ந்து விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ், 1973ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

போட்டியாளர் கூடிய அவை

2019 டிசம்பரில் அமேசான், ஆப்பிள், கூகுள் ஆகியவை ஜிக்பீ கூட்டமைப்புடன் இணைந்து பொதுத் தரநிலை ஒன்றை உருவாக்க முன்வந்தன. 2021ஆம் ஆண்டில் அக்கூட்டமைப்பு, 'இணைப்புத் தரநிலைகள் கூட்டமைப்பு' என்று பொருள்படும் புதிய பெயரைப் பெற்றது. புதிய தரநிலைக்கு மேட்டர் எனப் பெயரிடப்பட்டது. அதன் முதற்பதிப்பு 2022 அக்டோபரில் வெளிவந்தது.

மேட்டர் புதிய அலைவரிசை எதனையும் படைக்கவில்லை. வைஃபை, திரெட் முதலிய இணைப்புகளின்மேல், இணைய நெறிமுறையைக் கொண்டே இயங்குகிறது. புதிய கருவியைச் சேர்க்கக் குறியீட்டைத் திறன்பேசியால் படித்தால் போதும். கருவி தன் மின்னணுச் சான்றிதழைக் காட்டி, தான் போலி அன்று என மெய்ப்பிக்கும். அடிப்படைக் கட்டளைகள் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே செல்வதால், இணையம் துண்டிக்கப்பட்டாலும் விளக்கை இயக்க இயலும். ஒரே விளக்கைப் பல நிறுவனங்களின் செயலிகளும் கட்டுப்படுத்தலாம்.

குறைகளும் உள்ளன. துப்புரவு எந்திரன், குளிர்பதனப் பெட்டி ஆகியவை முதற்பதிப்பில் இல்லை. 2023ஆம் ஆண்டின் 1.2 பதிப்பிலேயே சேர்ந்தன. தரநிலையில் இடம்பெற்ற வசதி அனைத்தையும் எல்லா நிறுவனங்களும் தம் செயலியில் தருவதும் இல்லை. மேலும், விதிகளை வகுப்போரும் அவற்றால் ஆதாயம் பெறுவோரும் பெரும்பாலும் ஒருவரே. ஆகவே, பொருள் வாங்குவோரின் விழிப்புணர்வும் இன்றியமையாததாகிறது. இப்பொருள் பிறவற்றோடு இணையுமா? இணையம் இன்றியும் இயங்குமா? நிறுவனம் விலகிய பின்னும் பயன்படுமா? இவ்வினாக்களை வாங்குவோர் தொடர்ந்து கேட்டால்தான் பொதுமொழி நிலைபெறும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலுள்ள மின்கருவிகளுள், எந்நிறுவனத்தின் பொருளுடனும் பொருந்தக்கூடியவற்றையும் பொருந்தாதவற்றையும் பட்டியலிடுக.
2. 'பொதுத் தரநிலைகளை நிறுவனங்கள் மட்டுமே வகுக்கலாமா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.