சித்தி வீட்டுல இருக்கிறப்போ எந்த அட்ரஸ்?

பழைய வீட்டைக் காலி பண்ணியாச்சு. புது வீட்டுச் சாவி கைக்கு வர ரெண்டு மாசம் ஆகும், அதுவரைக்கும் தாம்பரத்துல சித்தி வீடு. சரி. ஆனா போன கையோட எல்லாத்துலயும் சித்தி வீட்டு அட்ரஸை ஏத்திடாதடி. ரெண்டு மாசத்துல அத்தனையும் மறுபடி மாத்தணும்.

ஆதார், ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி எதையும் இப்ப தொடாத. புது வீட்டு வாடகை ஒப்பந்தம் பதிவாகி வந்ததும் மாத்திக்கலாம். பாஸ்போர்ட்டுக்கும் இப்ப விண்ணப்பிக்காத. போலீஸ் விசாரணைக்கு வர்ற நேரம் நீ வீடு மாறியிருப்ப.

இப்ப மாத்தவேண்டியது, தபால் வந்து சேர்ற இடத்தை மட்டும்தான். முதல்ல பேங்க். ஆதார்ல வேற அட்ரஸ் இருந்தாலும், இப்ப குடியிருக்கிற முகவரியை நீயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ரிசர்வ் வங்கி விதியில இடம் இருக்கு. கவுன்ட்டர்ல முடியாதுன்னா மேனேஜரைப் பாரு. உன் பேருக்குக் கீழ 'மே/பா' போட்டு சித்தப்பா பேரை எழுத மறக்காத. போஸ்ட்மேனுக்கு உன்னைத் தெரியாது, அவரைத் தெரியும். சித்திகிட்டயும் சொல்லி வை. ஸ்பீடு போஸ்ட்டுக்காக மத்தியானத் தூக்கத்துல எழுப்பினா அவங்க முகமே மாறிடும்.

பழைய ஏரியா போஸ்ட் ஆபீஸ்ல, தபாலை சித்தி வீட்டுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடு. கூரியருக்கு அது செல்லாது.

ஆதார்லயே அட்ரஸ் மாறியாகணும்னு நெருக்கடி வந்தா ஒரு வழி இருக்கு. சித்தப்பாவைக் குடும்பத் தலைவரா காட்டி ஆன்லைன்ல விண்ணப்பிக்க முடியுமான்னு பாரு. 2023-லேர்ந்து இந்த வசதி உண்டு. உறவைக் காட்ட ஆவணம் இல்லேன்னா அவர் உறுதிமொழி கொடுத்தாப் போதும். ஆனா அவர் ஆதார்ல என்ன அட்ரஸ் இருக்குன்னு முதல்ல பாரு, அதுதான் உனக்கும் வரும். நம்ம வீட்டுப் பெரியவங்க பாதிப் பேர் ஆதார்ல இன்னும் ஊர் அட்ரஸ்தான். 30 நாளுக்குள்ள அவர் ஆன்லைன்ல சம்மதம் கொடுக்கணும்; விட்டா விண்ணப்பம் காலாவதி, கட்டின பணமும் போச்சு.

அடுத்து கேஸ் கனெக்‌ஷன். புது வீடு வேற ஊர்ல இருந்தா சிலிண்டர், ரெகுலேட்டரை ஏஜென்சில ஒப்படைச்சு டிரான்ஸ்ஃபர் வவுச்சர் வாங்கிக்கோ, டெபாசிட் திரும்பக் கிடைக்கும்.

ஷாப்பிங் ஆப்ல பழைய அட்ரஸை இன்னிக்கே அழிச்சிடு. அங்க வேற யாரோ குடிவந்திருப்பாங்க. உன் குக்கர் கேஸ்கட்டை அவங்க வாங்கி மாட்டிக்கிட்டா போய்க் கேட்கவா முடியும்?