வாக்கிய முடிவில் எந்தக் குறி?

கற்றல் நோக்கங்கள்
• முற்றுப்புள்ளி, வினாக்குறி, உணர்ச்சிக்குறி ஆகியவற்றை உரிய இடத்தில் இடுதல்.
• ஆங்கில வாக்கியமும் தமிழ் வாக்கியமும் முடியும் முறையில் உள்ள வேறுபாட்டை அறிதல்.

ஒரு நிகழ்வு

மர்பி டவுனில் வாழும் மாணவி ஒருத்தியின் தாத்தா, வேலூரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். அவர் வீடு திரும்பிவிட்டாரா என்று அறிய விரும்பிய மாணவி, ஆம்பூரில் இருக்கும் அத்தைக்குக் கைப்பேசியில் ஒரு வரி அனுப்பினாள்: “தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டார்”. அத்தை அதனை மகிழ்ச்சியான செய்தி என்றே படித்தார். பிள்ளையார் கோயிலுக்குச் சென்று தேங்காய் உடைத்தார். அண்டை வீட்டாருக்கும் சொன்னார். உண்மை மாலையில்தான் தெரிந்தது. தாத்தா வீடு திரும்பியதோ நான்கு நாள் கழித்து.

மாணவி பொய் சொல்லவில்லை. கேட்க நினைத்தாள், ஆனால் எழுதியதோ ஒரு செய்தி. தவறு எங்கே நேர்ந்தது?

ஆங்கிலமும் தமிழும்

ஆங்கிலத்தில் ‘யூ ஆர் கமிங்’ என்று எழுதிப் புள்ளி வைத்தால் அது செய்தி. அதே சொற்களை அதே வரிசையில் எழுதி வினாக்குறி இட்டால் அது கேள்வி. அங்கே குறி ஒன்றே பொருளை மாற்றுகிறது. நம் மாணவி அப்பழக்கத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தாள்; அவசரத்தில் குறியையும் விட்டுவிட்டாள்.

தமிழில் இத்தகைய வினா, சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. ‘வந்துவிட்டார்’ என்பதோடு ‘ஆ’ சேர்ந்தால் ‘வந்துவிட்டாரா’ என்றாகிறது. குறி இல்லாவிட்டாலும் அது வினாவே. எ, ஏ, யா, ஆ, ஓ ஆகிய ஐந்தும் வினா எழுத்துகள். இவற்றுள் எ, யா இரண்டும் சொல்லின் முதலில் வரும் (எங்கே, யார்). ஆ, ஓ இரண்டும் இறுதியில் வரும் (அவனா, அவனோ). ஏ ஈரிடத்தும் வரும் (ஏன், நீதானே). ஆகவே ‘தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டாரா?’ என்று எழுதுவதே முறை. சொல் வினாவை உணர்த்துகிறது. குறி அதனை உறுதி செய்கிறது.

அப்படியானால் தமிழுக்கு வாக்கிய முடிவுக் குறி தேவையில்லையா? தேவை. பின்வரும் வாக்கியங்களைப் படியுங்கள்.

அலசூர் ஏரி எவ்வளவு பெரியது?
அலசூர் ஏரி எவ்வளவு பெரியது!

சொற்கள் ஒன்றே. முதல் வாக்கியம் அளவைக் கேட்கிறது, இரண்டாவது வியக்கிறது. இங்கே பொருளைப் பிரிப்பது குறி மட்டுமே. நேரில் பேசும்போது குரல் செய்யும் வேலையை, எழுத்தில் குறி செய்கிறது.

குறிகள் வந்த வரலாறு

பழைய ஓலைச்சுவடிகளில் இக்குறிகள் இல்லை. சொற்களுக்கு இடையே இடைவெளியும் விடுவதில்லை. அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால், மெய்யெழுத்தின் மேல் வைக்க வேண்டிய புள்ளியையே பல ஏடுகளில் வைக்காது விட்டனர். ஆனாலும் கற்றவர்கள் முடிவை அறிந்தனர். ஆசிரியப்பா பெரும்பாலும் ஏகாரத்தில் முடியும். உரையாசிரியர்கள் விளக்கத்தின் இறுதியில் ‘என்றவாறு’ என எழுதினர். முடிவைச் சொல்லே காட்டியது.

அச்சும் உரைநடையும் பெருகியபோது நிலை மாறியது. உரக்கப் படித்துக்காட்ட ஆசிரியர் அருகில் இல்லாமலேயே பலரும் தாமே படிக்கத் தொடங்கினர். அவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று காட்ட வேண்டியிருந்தது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கிய நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையில் முறையாகக் கையாண்டு பரப்பிய பெருமை, யாழ்ப்பாணத்து நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலருக்கு (1822–1879) உரியது.

குறிகள் எல்லா மொழிக்கும் ஒன்றல்ல. இந்தியில் வாக்கிய முடிவில் செங்குத்துக் கோடு நிற்பதை நீங்கள் அறிவீர்கள். அதனைத் தமிழ்க் குறிப்பேட்டில் இடலாகாது. கிரேக்க மொழியில் நம் அரைப்புள்ளியின் வடிவமே வினாக்குறி. ஸ்பானிய மொழியில் வினா வாக்கியத்தின் தொடக்கத்திலும் தலைகீழான வினாக்குறி ஒன்று உண்டு.

விதிகள்

1. செய்தி வாக்கியமும் இயல்பான கட்டளை வாக்கியமும் முற்றுப்புள்ளியில் முடியும். (எ-டு) கதவை மூடு.

2. நேரே கேட்கும் வினா வினாக்குறியில் முடியும். (எ-டு) கடை எங்கே இருக்கிறது?

3. ஒருவர் கேட்டதை மற்றொருவர் எடுத்துரைத்தால் அது செய்தியே, முற்றுப்புள்ளி இடுக. (எ-டு) கடை எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். மாணவர் மிகுதியாகப் பிழை செய்யும் இடம் இது. ‘எங்கே’ என்ற சொல்லைக் கண்டவுடன் வினாக்குறி இடாதீர்கள். வாக்கியத்தை முடிக்கும் வினைமுற்றைப் பாருங்கள். ‘கேட்டார்’ என்பது வினா அன்று.

4. ஐயத்தைத் தெரிவிக்கும் வாக்கியமும் அவ்வாறே. (எ-டு) அவர் வருவாரோ மாட்டாரோ தெரியவில்லை.

5. வியப்பு, அச்சம், அவலம், மகிழ்ச்சி ஆகியவை மிகும்போது உணர்ச்சிக்குறி இடுக. ஒரு குறி போதும். மூன்று குறி இட்டால் உணர்ச்சி மும்மடங்கு ஆகாது.

பயிற்சிகள்

அ) உரிய குறியை இடுக.
1. மழை எப்போது நிற்கும்
2. மழை எப்போது நிற்கும் என்று தம்பி கேட்டான்
3. ஐயோ, பாம்பு
4. பேருந்து வந்துவிட்டதா என்று பார்த்து வா

ஆ) ‘எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்’ என்னும் தொடரை வினாவாகவும் உணர்ச்சி வாக்கியமாகவும் எழுதி, உரக்கப் படித்துக் காட்டுக. குரல் எவ்வாறு மாறுகிறது என்பதை இரண்டு வரிகளில் எழுதுக.

இ) பின்வரும் பகுதியில் ஆறு வாக்கியங்கள் உள்ளன. அவற்றைப் பிரித்து, உரிய குறிகளை இட்டு எழுதுக. இறுதி வாக்கியத்திற்கு நீங்கள் இட்ட குறிக்குக் காரணமும் கூறுக.

அத்தை எப்போது வந்தீர்கள் காலையில்தான் வந்தேன் தாத்தா இப்போது நடக்கிறாரா மெல்ல நடக்கிறார் அடடா எவ்வளவு நல்ல செய்தி நீ எப்போது வருவாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்

ஈ) செயல்பாடு: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஐந்து வரிக் கடிதம் எழுதுக. அதில் இரண்டு வினாக்களேனும் இடம்பெற வேண்டும். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதிச் சொல்லையும் குறியையும் சரிபார்க்க.