வியர்வை கடத்தும் விளையாட்டு உடையும் அதன் சலவையும்
(உறுப்பினர் கல்விப் பாடம்)

புதுச்சேரி நகரின் உப்பளத்தில் இந்திரா காந்தி விளையாட்டரங்கம் அமைந்திருப்பதை அன்பர்கள் அறிவார்கள். காலையிலும் மாலையிலும் அப்பகுதியில் ஓட்டப் பயிற்சிக்கு வரும் சிறுவர் சிறுமியருள் பலர் அணிவது பருத்திச் சட்டையன்று. வியர்வையை உடலிலிருந்து வாங்கி வெளியே கடத்திவிடும் பாலியெஸ்டர்ப் பின்னல் சட்டையாகும். நெசவாளர் இல்லங்களிலும் இவ்வுடை புகுந்துவிட்டது. ஆனால் அதனைத் துவைக்கும் முறை மட்டும் பழைய பருத்தி முறையாகவே இருந்து வருகிறது. அதனால் விளையும் நஷ்டத்தை எடுத்துக்கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

சங்கப் பணியின் பொருட்டு நாம் சென்றிருந்தபோது, உறுப்பினர் ஒருவர் தம் மகனின் சட்டையைக் கொணர்ந்து நம்மிடம் காட்டினார். வாங்கி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. "ஐயா, முதலில் நன்றாகத்தான் இருந்தது. இப்போது ஓடினால் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, அரிக்கிறது என்கிறான். துவைத்தாலும் நாற்றம் போவதில்லை. அடுத்த மாதம் போட்டி வருகிறது. இன்னொன்று வாங்க வேண்டும் போலிருக்கிறது" என்றார். இன்னொன்று வாங்குவதென்றால் அவருக்கு இரண்டு நாள் கூலி. எவ்வாறு துவைக்கிறீர்கள் என்று அவர் மனைவியாரை வினவினோம். "மற்றத் துணியைப் போலத்தான். வெந்நீரில் சோப்புத் தூள் நிறையப் போட்டு ஊறவைத்து, கல்லில் அடித்து, வாசனைக்கு அந்த மென்மைத் திரவமும் ஊற்றுகிறேன்" என்றார் அவ்வம்மையார். அவர் குறைவாகச் செய்யவில்லை, மிகுதியாகவே செய்திருந்தார். குற்றம் அந்த மிகுதியில்தான் இருந்தது.

உடை வேலை செய்யும் விதம்

பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே உறிஞ்சி வைத்துக்கொள்ளும் இயல்புடையது. நூறு கிராம் உலர்ந்த பருத்தி, காற்றின் ஈரத்திலிருந்து மட்டுமே சுமார் 7 அல்லது 8 கிராம் நீரை ஏற்கும். பாலியெஸ்டரோ அரைக் கிராம் அளவுகூட ஏற்பது அரிது. 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் விண்ஃபீல்டு, டிக்ஸன் என்னும் இரு ரசாயன அறிஞர்கள் உருவாக்கிய இழை இது. நீரை உட்கொள்ளாத இழை வியர்வையை எவ்வாறு வாங்கும் என்ற ஐயம் எழலாம்.

விளக்குத் திரியை நோக்குங்கள். எண்ணெய் திரியில் மேலேறுவது இழைகளுக்கு இடையேயுள்ள நுண்ணிய இடைவெளிகளின் வழியாகவே. இவ்வுடையிலும் அவ்வாறே மிக மெல்லிய இழைகள் நெருக்கமாக அமைந்துள்ளன. சிலவற்றில் இழையின் மேலேயே நீளவாட்டில் பள்ளங்கள் இருக்கும். சில ஆலைகள் நீர் பரவுவதற்கான மருந்தும் ஏற்றுகின்றன. வியர்வை அவ்விடைவெளிகளின் வழியே துணியின் வெளிப்புறம் சென்று, அகலப் பரவி, விரைவில் ஆவியாகிறது. ஆகவே, இடைவெளி திறந்திருக்கும் வரையில்தான் உடை பயன்படும். அது அடைபட்டால் உடை வெறும் பிளாஸ்டிக் உறையாகிவிடும்.

நெசவாளருக்கு இது புதிய செய்தியன்று. தறியிலிருந்து இறக்கிய புதுத் துண்டு தலையைத் துவட்ட உதவாது. பாவில் ஏற்றிய கஞ்சியும் பஞ்சின் இயற்கை மெழுகும் சலவையில் நீங்கிய பிறகே நீரை வாங்கும். நாம் இதை எடுத்துச் சொன்னதும் அந்த உறுப்பினர், "அப்படியானால் நாங்கள் வாரந்தோறும் இதற்குப் பாவுக் கஞ்சி போட்டு வந்திருக்கிறோம்" என்றார். அதனினும் தெளிவாக நம்மால் கூற இயலாது.

அடைப்பவை எவை?

முதலாவது, துணி மென்மையாக்கும் திரவம். இது இழையின்மேல் கொழுப்புத் தன்மையுள்ள மெல்லிய படலத்தைப் படியவைக்கிறது. கைக்கு மெதுவாகத் தோன்றும். வியர்வைக்கு வழி அடைபடும்.

இரண்டாவது, அளவுக்கு மிஞ்சிய சோப்பு. கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. அந்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்துடன் கட்டிச் சோப்பு சேர்ந்து, கரையாத பிசுக்காக மாறி இழையில் தங்குகிறது. சலவைத் தூளும் முற்றும் அலசப்படாவிடில் தங்கவே செய்யும்.

மூன்றாவது, உடலின் எண்ணெய்ப் பசை. பாலியெஸ்டர் நீரை விலக்கினும் எண்ணெயை விரும்பிப் பற்றும். புதிய வியர்வைக்கு நாற்றம் அநேகமாக இல்லை. கிருமிகள் அதைச் சிதைக்கும்போதே நாற்றம் உண்டாகிறது. 2014-இல் பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தார், உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை ஆராய்ந்து, பருத்தியைவிடப் பாலியெஸ்டரில் நாற்றம் மிகுதி என்றும், நாற்றம் விளைக்கும் ஒருவகைக் கிருமி அதில் நன்கு பெருகுகிறது என்றும் கண்டனர். ஆதலின் ஈர உடையைப் பைக்குள் சுருட்டி வைப்பது பெருந்தவறு.

துவைக்கும் முறை

விளையாடி வந்தவுடன் உடையை உட்புறம் வெளியாகத் திருப்பி, வெறும் நீரில் அலச வேண்டும். உப்பும் அழுக்கும் பெரும்பகுதி அப்போதே நீங்கும். உடனே துவைக்க இயலாவிடில் கொடியில் விரித்துப் போடலாம்.

துவைக்கும்போது ஒரு வாளி, அதாவது 10 லிட்டர், நீருக்குச் சலவைத் திரவம் ஒரு சிறு கரண்டி போதும். நீர் சாதாரணச் சூட்டிலேயே இருக்கலாம். கொதிநீரும் வெள்ளாவியும் கூடா. அரை மணி நேரம் ஊறிய பின் கையால் கசக்கி, வழுவழுப்பு நீங்கும்வரை இரண்டு மூன்று நீரில் அலசுக.

கல்லில் அடித்தல் ஆகாது. இது ஊடும் பாவுமான நெசவன்று. கண்ணி கண்ணியாகப் பின்னிய துணி. ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டை நீளும். கொக்கியும் ஜிப்பும் உள்ள ஆடைகளோடு சேர்த்துத் துவைப்பதையும் தவிர்க்க வேண்டும்.

வெளுப்புத் தூள், கஞ்சி இரண்டும் விலக்கத்தக்கவை. இத்தகைய உடைகள் பலவற்றில் நீண்டு சுருங்கும் ஸ்பாண்டெக்ஸ் இழை கலந்திருக்கும். 1958-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட இவ்விழையைக் குளோரினும் மிகுந்த வெப்பமும் நலிவிக்கும். ஆகவே முறுக்கிப் பிழியாமல் அழுத்திப் பிழிந்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துக. இஸ்திரி தேவையில்லை, முதுகில் அச்சிட்ட எண்ணும் அதனால் உரிந்துவிடும்.

அடைபட்ட உடையை மீட்டல்

துணியின் உட்புறத்தில் ஒரு சொட்டு நீர் விடுக. உடனே பரவினால் உடை நலமாயுள்ளது. முத்துப்போல் நின்றால் படலம் அடைத்திருக்கிறது என்று அறியலாம். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பின்னர் மேற்கூறியவாறு துவைத்து அலசுக. வினிகரையும் வெளுப்புத் தூளையும் ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சு வாயு எழும். இருமுறை செய்தும் சொட்டு பரவாவிடில், ஆலையில் ஏற்றிய மருந்தே தேய்ந்து போயிருக்கக்கூடும்.

அந்த உறுப்பினர் வீட்டில் சொட்டு முத்துப்போலவே நின்றது. பத்து நாட்களுக்குப் பின் நாம் மீண்டும் சென்றபோது சிறுவனே சட்டையைக் கொண்டுவந்து, நம் கண்ணெதிரில் ஒரு சொட்டு விட்டான். அது விரல் அகலம் பரவி மறைந்தது. புதுச் சட்டைக்கென ஒதுக்கிய பணம் சங்கத்தில் அவர்தம் சிக்கனக் கணக்கில் சேர்ந்தது.

பருத்தித் துணி நெய்யும் நாம் ஆலைத் துணிக்குப் பாடம் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். எவர் செய்ததாயினும், உழைத்துத் தேடிய பணம் கொடுத்து வாங்கிய பொருள் அதன் ஆயுள் முழுதும் உழைக்கவேண்டும் என்பதே கூட்டுறவாளரின் சிக்கனம்.

*கலந்துரையாடலுக்கு வினாக்கள்:*

1. கஞ்சி நீங்காத புதுத் துண்டுக்கும் அடைபட்ட விளையாட்டு உடைக்கும் உள்ள ஒற்றுமை யாது?

2. உங்கள் கிணற்று நீரில் சோப்பு நன்கு நுரைக்கிறதா? இல்லையெனின் அலசும் முறையில் செய்யவேண்டிய மாறுதல் என்ன?

3. நீங்கள் நெய்யும் துணியை வாங்குவோருக்கு அதன் சலவை முறையை நீங்கள் எடுத்துக்கூறுவது உண்டா?