நார்மண்டிப் போர்க்களத்தில் சேனை நடத்தும் முறை

கனடா தேசத்து வான்கூவர் நகரிலுள்ள ரெலிக் என்டர்டெயின்மென்ட் என்னும் நிறுவனத்தார் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘கம்பெனி ஆஃப் ஹீரோஸ்’ என்ற கம்ப்யூட்டர் யுத்த விளையாட்டு, 1944ஆம் வருஷம் ஜூன் 6ஆம் தேதி நேசநாட்டுச் சேனைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கியது முதல், ஆகஸ்டு மாதத்தில் ஃபலேஸ் நகருக்கு அருகே ஜெர்மானியப் படைகள் வளைத்துக்கொள்ளப்பட்டது வரையிலான சரித்திரத்தை ஆதாரமாகக் கொண்டது. இதன் இரண்டாம் பாகம் 2013இலும், மூன்றாம் பாகம் 2023இலும் வெளிவந்துவிட்ட போதிலும், இவ்வகை விளையாட்டின் நுட்பங்களைக் கற்க விரும்புகிறவர்கள் முதற்பாகத்திலிருந்து ஆரம்பிப்பதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். பழைய கம்ப்யூட்டரிலும் அது தடையின்றி ஓடும். 2020 முதல் ஐபேடிலும் கைப்பேசியிலும்கூடக் கிடைக்கிறது.

இவ்விளையாட்டில் இரு தரப்பாரும் ஏககாலத்தில் இயங்குகிறார்கள். ஒரு மூலையில் பாசறை எழுப்புவதில் நீங்கள் முனைந்திருக்கும்போதே மற்றொரு மூலையில் உங்கள் அணியொன்று சுட்டு வீழ்த்தப்படலாம். உங்கள் யோசனை முடியட்டும் என்று ஆட்டம் காத்திருப்பதில்லை. ஆகையால் புதிதாக வருகிறவர்களில் பலர், மின்னல் வேகத்தில் கை ஓடினாலொழிய ஜயம் கிட்டாது என்று எண்ணி ஒதுங்கிவிடுகிறார்கள். அது வீண் பயம். எதை முன்னால் கவனிப்பது, எதைப் பின்னால் கவனிப்பது என்ற தாரதம்மியம் தெரிந்தவருக்கு நிதானமான கையே போதும். வேறு யுத்த விளையாட்டுகளில் பழகி வந்தவர்களுக்கோ இன்னொரு பிரமை உண்டு. தம் கோட்டைக்குள் அமர்ந்து பொருளைக் குவித்து, பெருஞ்சேனை திரட்டி, ஒரே வீச்சில் எதிரியை அழித்துவிடலாம் என்று அவர்கள் நம்புகிறார்கள். இங்கே அந்த உபாயம் செல்லாது. பிடித்த நிலத்தைக் கைவிடாமல் காப்பதும், போரில் பழகிய வீரனை வீணே சாகவிடாமல் மீட்பதும் ஆகிய இரண்டே இங்கு வெற்றிக்கு மூலம். கீழே சொல்லப்போவதெல்லாம் இவ்விரண்டையும் கைவரப்பெறுவதற்கான வழிகள்தாம்.

முதற்காரியமாக, விளையாட்டோடு சேர்ந்தே வரும் பயிற்சிப் பாடத்தை முடித்துவிட்டு, ஏபிள் கம்பெனி என்ற அமெரிக்கப் படையினரின் கதையாக அமைந்த தொடர்போரைத் தொடங்குங்கள். அதில் முதற்கட்டம் ஒமாஹா கடற்கரை. அடுத்தது வியர்வில் கிராமம். அப்பால் காரன்டான் நகரம். திறந்த மணல்வெளியில் நிற்பவன் கதி என்னவாகும் என்பதைக் கடற்கரைக் கட்டம் நன்றாக உணர்த்திவிடும். ஆயினும் ஆரம்ப மாணவருக்கு மெய்யான பள்ளிக்கூடம் காரன்டான்தான். சரித்திரத்தில் அந்நகரை அமெரிக்கப் பாராசூட் வீரர்கள் ஜூன் 12ஆம் தேதி கைப்பற்ற, மறுநாளே ஜெர்மானியர் எதிர்த்துத் தாக்கினார்கள். விளையாட்டிலும் அவ்வாறே, நகரைப் பிடிப்பது ஒரு கட்டமாகவும், பிடித்த நகரைப் பல திசைகளிலிருந்தும் வருகிற எதிர்த்தாக்குதலிலிருந்து காப்பது அடுத்த கட்டமாகவும் அமைந்திருக்கின்றன. காக்கும் கட்டத்தை இரண்டு மூன்று முறை ஆடிப் பாருங்கள். இயந்திரத் துப்பாக்கியை எந்தத் தெருமுனையில் வைத்தால் எந்தச் சாலை அடைபடுகிறது என்பதை அங்கே கற்றது எந்தக் களத்திலும் உதவும்.

கூடவே, நான்கு விசைகளைக் கைக்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஓர் எண்ணை அழுத்தினால், தேர்ந்தெடுத்த அணிக்கு அந்த எண் பெயராக அமைந்துவிடும். பிறகு அந்த எண்ணை அழுத்திய மாத்திரத்தில் அந்த அணி உங்கள் ஆணைக்குக் காத்து நிற்கும். ‘ஏ’ விசை, வழியில் எதிர்ப்படும் பகைவரோடு பொருதுகொண்டே முன்னேறச் செய்வது. ஷிப்ட் விசை, ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டளைகளை வரிசையில் இடுவதற்கு. ‘டி’ (T) விசை, பின்வாங்கச் செய்வது. இக்கடைசி விசையின் பெருமையைப் பின்னால் விரிவாகச் சொல்லுகிறேன்.

இனித் தனிப்போருக்கு வரலாம். அமெரிக்கத் தரப்பை எடுத்துக்கொண்டு, ஆங்கோவில் போன்ற இருவர் ஆடும் களமொன்றைத் தெரிந்து, கம்ப்யூட்டரையே எதிரியாக, மிக எளிய தரத்தில் வைத்து, வெற்றிமுனை முறையில் ஆட்டத்தைத் தொடங்குங்கள். இம்முறையில் இரு தரப்பாருக்கும் ஆரம்பத்தில் சமமான புள்ளிகள் அளிக்கப்படும். களத்திலுள்ள வெற்றிமுனைகளில் அதிகமானவை எவர் வசம் இருக்கின்றனவோ, அவருடைய எதிரியின் புள்ளிகள் சிறிது சிறிதாகக் கரையும். எதிரியின் பாசறைகளையெல்லாம் தரைமட்டமாக்கும் வரை ஆடும் முறையும் ஒன்று உண்டு. ஆனால் வெற்றிமுனை முறையே நிலத்தின் அருமையைச் சீக்கிரம் போதிப்பதாகையால், கற்பவர்களுக்கு அதுவே தக்கது.

ஆட்டம் ஆரம்பமாகும்போது உங்கள் வசம் தலைமைப் பாசறையும் ஒரேயொரு பொறியாளர் அணியும் மட்டும் இருக்கும். அந்த அணியைக் கணமும் சும்மா நிற்க விடாமல் காலாட்படைப் பாசறையைக் கட்ட ஏவுங்கள். தலைமைப் பாசறையில் இரண்டாவது பொறியாளர் அணிக்கு உத்தரவிட்டு, அது வெளிவந்தவுடன் அண்டையிலுள்ள பிரதேசத்தின் கொடிக்கம்பத்தைப் பிடிக்க அனுப்புங்கள். பாசறை முடிந்ததும் ஆறு பேர் கொண்ட ரைபிள் அணிகள் ஒவ்வொன்றாக வெளிவரும். ஒவ்வோர் அணியையும் வெவ்வேறு பாதையில் செலுத்தி, ஷிப்ட் விசையின் உதவியால், இந்தக் கொடிக்குப் பிறகு அந்தக் கொடி என்று முன்கூட்டியே வரிசைப்படுத்திவிட்டால், அவர்கள் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள். உங்கள் கண் வேறிடத்தைக் கவனிக்க அவகாசம் கிடைக்கும்.

இவ்விளையாட்டில் செல்வம் மூவகை. புதிய அணிகளைத் திரட்டவும் இழந்த ஆட்களை ஈடுசெய்யவும் உதவுவது ஆள்பலம். கையெறிகுண்டு, கண்ணிவெடி, மேலான ஆயுதம் ஆகியவற்றுக்குச் செலவாவது வெடிமருந்து. டாங்கிகளுக்கும் உயர்ந்த பாசறைகளுக்கும் இன்றியமையாதது எரிபொருள். வரைபடத்தைத் திறந்தால் எந்தப் பிரதேசம் எதை எவ்வளவு தரும் என்பது தெரியும். எரிபொருள் தரும் பிரதேசங்களை எதிரிக்கு முன்னதாகச் சென்று பிடித்துவிட வேண்டும் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதம் இருக்க முடியாது. படை பெருகப் பெருக ஆள்பலத்தின் வரவு குறைந்துகொண்டே வரும் என்பதையும் இங்கேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையில்லாமல் பாசறையோரத்தில் நிற்கும் அணிக்கும் சோறு போட்டாக வேண்டும்.

பிரதேசத்தைப் பிடித்துவிட்டால் மட்டும் வருமானம் வந்து சேராது. அப்பிரதேசம் தலைமைப் பாசறையோடு இடையறாமல் தொடர்பு கொண்டிருக்க வேண்டும். காவிரிப் பாசனத்தில் தலைமடையை ஒருவன் அடைத்துவிட்டால் கடைமடை வயல்களெல்லாம் எப்படி ஒருசேர வாடுகின்றனவோ, அப்படியே நடுவிலுள்ள ஒரு பிரதேசம் எதிரியின் கைக்கு மாறியவுடன் அதற்கு அப்பாலுள்ளவை யாவும், கொடி உங்களுடையதாகவே பறந்தாலும், உங்களுக்கு எதையும் தரமாட்டா. ஆகவே, வரைபடத்தில் பல பாதைகள் வந்து கூடும் இணைப்புப் பிரதேசம் எது என்று முதலில் கண்டுகொள்ளுங்கள். உங்களுடைய இணைப்பை முள்கம்பியும் கண்ணிவெடியும் இட்டுக் காப்பாற்றுங்கள். எதிரியினுடையதை ஓரிரண்டு ஆட்களைக் கொண்டாவது அடிக்கடி தொந்தரவு செய்யுங்கள். பின்புறத்தில் செல்வம் தரும் கொடிமுனைகளின் மேல் பொறியாளர்களைக் கொண்டு கண்காணிப்பு நிலையம் எழுப்பிவிட்டால், அதை இடிக்காமல் எதிரி அம்முனையைப் பிடிக்க இயலாது. வருமானமும் சற்று உயரும்.

போர் தொடங்கியபின் எல்லாவற்றிலும் முக்கியமானது மறைவிடம். ஓர் அணியைத் தேர்ந்தெடுத்து மவுஸைத் தரையின்மேல் நகர்த்தினால், வீரர்கள் சென்று நிற்கப்போகும் இடங்களில் சிறு வட்டப் புள்ளிகள் தோன்றும். பச்சைப் புள்ளி கற்சுவர், மணல்மூட்டை போன்ற உறுதியான மறைவையும், மஞ்சள் புள்ளி வேலி, செடி போன்ற சாதாரண மறைவையும், சிவப்புப் புள்ளி நடுச்சாலை முதலான அபாயமான இடத்தையும் குறிக்கும். புள்ளியின் நிறத்தைப் பாராமல் ஒருபோதும் கட்டளையிடாதிருப்பது என்று ஒரு விரதம் பூண்டுவிட்டால் போதும். சம பலமுள்ள இரண்டு அணிகள் மோதும்போது, சுவருக்குப் பின்னிருப்பவனே எஞ்சுவான்.

மறைவிடத்தின் தத்துவம் முழுவதும் விளங்குவது ஜெர்மானியரின் எம்.ஜி.42 இயந்திரத் துப்பாக்கியை எதிர்கொள்ளும்போதுதான். சாலை வளைவிலுள்ள ஒரு கல்வீட்டுக்கு முன்னால் அது நிலைகொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை வழியே நேராகச் செல்லும் உங்கள் அணி, முதல் வேட்டு வரிசையிலேயே தலை தாழ்த்தித் தரையோடு தரையாகப் படுத்துவிடும். சிறிது நேரம் சென்றால், ஊர்ந்து நகரவும் சக்தியற்று அங்கேயே கிடக்கும். இன்னும் இரண்டு அணிகளை அதே சாலையில் அனுப்பினால் அவற்றுக்கும் அதே கதிதான். ஆனால் அத்துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குள் மட்டுமே சுடவல்லது. திசை மாற்ற வேண்டுமாயின், கழற்றித் திருப்பி மறுபடி நிறுத்துவதற்குச் சில விநாடிகள் பிடிக்கும். ஆதலால் ஓர் அணியை அதன் எதிரே, சுவருக்குப் பின்னால், பச்சைப் புள்ளியில் நிறுத்தி அதன் கவனத்தை ஈர்த்துக்கொண்டு, இரண்டாவது அணியை வேலி ஓரமாகச் சுற்றி வளைத்துப் பக்கவாட்டில் கொண்டுபோய், அருகே நெருங்கியதும் ஒரு கையெறிகுண்டு வீசச் செய்யுங்கள். துப்பாக்கியை இயக்கியவர்கள் மாண்டபின், துப்பாக்கி மட்டும் தரையில் அநாதையாகக் கிடக்கும். உங்கள் அணியில் சிலரை அனுப்பினால் அதை எடுத்துக்கொண்டு, எதிரியின் ஆயுதத்தாலேயே அதே சாலையைக் காக்கத் தொடங்குவார்கள். எதிரி வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டால் துப்பாக்கிகளால் பயன் குறைவு. அங்கே பொறியாளரின் தீப்பீச்சியும் கையெறிகுண்டும்தான் வேலை செய்யும்.

இப்போது ‘டி’ விசைக்கு வருவோம். அதை அழுத்தியவுடன் அணி எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தலைமைப் பாசறையை நோக்கி ஓடத் தொடங்கும். அந்த ஓட்டத்தின்போது குண்டுகள் அவர்கள்மேல் படுவதும் சாதாரணமாக நடந்து செல்லும்போது படுவதைவிடக் குறைவு. ஆறு பேரில் மூவர் விழுந்துவிட்டார்கள், எதிரிக்கு உதவி வந்துகொண்டிருக்கிறது, உங்கள் உதவியோ தொலைவில் இருக்கிறது என்றால், அக்கணமே அழுத்திவிட வேண்டும். புதியவர்களில் அநேகர் இதை அவமானமாகக் கருதி, இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று நிறுத்திவைத்து அணியை முற்றிலும் இழக்கிறார்கள். எஞ்சிய மூவர் பாசறை வந்து சேர்ந்தால், புதிய அணிக்கு ஆகும் செலவைவிடக் குறைந்த செலவில் மீண்டும் ஆறு பேராக நிரப்பிக்கொள்ளலாம். அதைவிடப் பிரதானமானது, போரிட்டுப் போரிட்டு அவ்வணி அடைந்த அநுபவம் அழியாமல் நிலைக்கிறது. அமெரிக்கத் தரப்பில் அநுபவம் போர்க்களத்தில் மட்டுமே சம்பாதிக்கப்படுவது. ஜெர்மானியரைப் போல் அதைப் பாசறையில் விலைகொடுத்து வாங்க முடியாது. ஆட்டத்தின் தொடக்கத்தில் வெளிவந்த ரைபிள் அணி, பலமுறை பின்வாங்கி, பலமுறை நிரப்பப்பட்டு, கடைசிக்கட்டத்திலும் களத்தில் நிற்குமானால், அந்த ஆட்டக்காரர் முறையறிந்து ஆடுகிறார் என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

டாங்கிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லா டாங்கிக்கும் முகப்புக் கவசம் தடித்தது, பின்புறம் மெலிந்தது. ஆகவே உங்களுடையதை எப்போதும் எதிரிக்கு முகம் காட்டியபடியே பின்னுக்கு எடுங்கள், எதிரியினுடையதை எம்.10 போன்ற விரைவான வண்டியைக் கொண்டு சுற்றிவந்து முதுகில் அடியுங்கள். ஜெர்மானியரின் டைகர் டாங்கியை அமெரிக்கரின் ஷெர்மன் டாங்கி ஒன்றை மட்டும் கொண்டு நேருக்கு நேர் எதிர்ப்பது வீண் உயிர்ப்பலி. 57 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்பு பீரங்கிகளை முன்கூட்டியே மறைவில் நிறுத்தி, அவற்றின் வாய்க்குள் எதிரி வரும்படி இழுப்பதே சரியான வழி. துணையின்றி எந்த டாங்கியையும் அனுப்பாதீர்கள். பின்னால் ஒரு பொறியாளர் அணி இருந்தால் பழுதைச் சீர்செய்துகொண்டே வரும்.

காலாட்படை, வான்படை, கவசப்படை என்ற மூன்று மார்க்கங்களில் ஒன்றைத் தெரிந்துகொள்ளும்படி ஆட்டத்தின் நடுவே உங்களைக் கேட்கும். ஆரம்பத்தில் காலாட்படை மார்க்கமே நல்லது. மேலே சொன்ன பாடங்களோடு இசைந்தது அதுதான். ரேஞ்சர் அணிகளும் தூரத்துப் பீரங்கிகளும் அதில் கிடைக்கும்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இதில் காயமுற்றோர் அலறுவதும் உடல் சிதறுவதும் உள்ளபடியே காட்டப்படுவதால், இது வளர்ந்தவர்களுக்கான விளையாட்டு. நார்மண்டியின் வேலிகளுக்கிடையே மெய்யாகவே ஆயிரமாயிரம் இளைஞர்கள் மாண்டார்கள் என்பதை மறவாமல் ஆடுகிறவர்களுக்குத்தான், ஓர் அணியைக் காப்பாற்றிக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் இயல்பாக எழுகிறது என்று நான் கருதுகிறேன்.

ஆகவே, அன்பர்களே, எளிய தரத்தில் தொடங்கி, ஒரே களத்தில், ஒரே தரப்பில் நின்று, கடினமான தரத்துக் கம்ப்யூட்டரை அவசரமின்றி வெல்லும் வரை பழகுங்கள். ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவிலும் எத்தனை பேரைக் கொன்றோம் என்று பாராமல், எத்தனை அணிகளை முற்றாக இழந்தோம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை ஒன்று இரண்டுக்கு மேற்போகாத நிலை வந்தபின் மனித எதிரிகளோடு மோதுங்கள்; ஜெர்மானியத் தரப்பை எடுத்து ஆடுவதை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம்.