முன்னறிவும் மனித முயற்சியும்
(தம்ம பாடம்)



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து அனைவரும் எழுந்த வேளையில், கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, நான் நாளை செய்யப்போவதைத் தெய்வம் இன்றே அறிந்திருக்குமானால், அதைச் செய்பவன் நான்தானா? அல்லது அது முன்பே முடிந்துபோன காரியமா?" என்று வினவினார். அருகில் நின்ற மூதாட்டி ஒருவர், "எல்லாம் எழுதினபடிதான் நடக்கும் தம்பி, நம்ம கையில் என்ன இருக்கிறது?" என்றார். நின்றபடியே விடை கூறத்தக்க வினா அன்று அது. ஆகையால் அதனையே இம்மாதப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

இது பண்டிதர்கள் பொழுதுபோக்காக ஆராயும் விஷயம் என்று எண்ணவேண்டா. இவ்வினாவுக்கு நாம் கொள்ளும் விடையின்படியே நம் வீடும், நம் தொழிலும், நம் பிள்ளைகளின் வாழ்வும் அமையும். அதற்கு என் வாழ்விலிருந்தே ஒரு சான்றைப் பின்னர்க் கூறுவேன்.

1. அறிபவனும் ஆக்குபவனும்

தெய்வத்தின் முன்னறிவை நம்புவோர் கூறும் சமாதானத்தை முதலில் நேர்மையுடன் கேட்போம். "அறிதல் வேறு, செய்வித்தல் வேறு. கிரகணம் வரும் நாளைக் கணிதர் முன்கூட்டியே கூறுகிறார். அதனால் கிரகணத்தை உண்டாக்கியவர் அவர் ஆகார். அவ்வாறே தெய்வம் நம் செயலை அறியுமேயன்றி, நம்மைச் செய்விப்பதில்லை" என்பர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் சிறைப்பட்டிருந்து நூல் எழுதிய போயீத்தியுஸ் என்னும் அறிஞர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். தெய்வத்துக்கு நேற்று, நாளை என்பன இல்லை. மூன்று காலமும் அதன்முன் நிகழ்காலமாகவே நிற்கின்றன. ஒருவன் நடப்பதை நாம் காண்பதால் அவன் நடக்கும்படி கட்டாயப்படுத்தப்படாதது போலவே தெய்வத்தின் அறிவும் என்பது அவர் கருத்து.

இது கூரிய விடையே. எனினும் ஓர் இடர் எஞ்சி நிற்கிறது. கிரகணத்தைக் கணித்தவர் சூரிய சந்திரரைப் படைத்தவர் அல்லர். நடப்பவனைக் காண்பவரும் அவனுக்குக் காலும் மனமும் வழியும் அமைத்தவர் அல்லர். இங்கோ, அறியும் தெய்வமே அனைத்தையும் ஆக்கிய தெய்வம் என்றும் கூறுகின்றனர். ஒருவன் கொலைஞன் ஆவான் என்று ஐயமற அறிந்தே அவனை ஆக்கியிருப்பின், பழியில் ஒரு பங்கேனும் ஆக்கியவரைச் சாராதோ?

அங்குத்தர நிகாயத்தில் பகவான் மூவகைக் கொள்கைகளை எடுத்துக் காட்டுகிறார். இன்பதுன்பம் யாவும் முன்வினையால் மட்டுமே வருகின்றன என்பது ஒன்று. யாவும் ஈசுவரன் ஆக்கத்தால் வருகின்றன என்பது மற்றொன்று. காரணமே இன்றி வருகின்றன என்பது மூன்றாவது. இம்மூன்றையும் அவர் ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். இவற்றுள் எதைக் கொண்டாலும், கொலையும் களவும் பொய்யும் அக்காரணத்தின் மேலேயே ஏற்றப்படும். 'இது செய்யத் தக்கது, இது தகாதது' என்னும் விருப்பமும் முயற்சியும் மனிதனிடம் எழா. முயற்சியைக் கொல்லும் கொள்கை எத்துணை அழகாகப் பேசப்பட்டாலும் கொள்ளத் தக்கதன்று என்பதே அவருடைய முடிபு.

2. நாய் கடித்த சர்வஞ்ஞர்

மஜ்ஜிம நிகாயத்தில், கோசம்பி நகரின் அருகே ஆனந்த தேரர் சந்தகன் என்னும் பரிவிராசகனுக்கு ஒரு செய்தி கூறுகிறார். நடக்கையிலும் உறங்கையிலும் எல்லாவற்றையும் இடையறாது அறிகிறேன் என்று ஓர் ஆசிரியர் பறைசாற்றுகிறார். ஆயினும் ஆளில்லா வீட்டுக்குள் பிச்சைக்கு நுழைகிறார், வெறுங்கையுடன் திரும்புகிறார், நாய் அவரைக் கடிக்கிறது, மதயானை எதிர்ப்படுகிறது, ஊருக்கு வழி எதுவென்று பிறரைக் கேட்கிறார். "எல்லாம் அறிந்தவர் ஏன் இவ்வாறு?" என்றால், "அப்படி நடக்கவேண்டியிருந்தது, ஆகவே நடந்தேன்" என்கிறார்.

இதைப் படித்தால் நகைப்பு வருகிறது. நகைத்தபின் சிந்திக்கவும் வேண்டும். அறிந்திருந்தும் தெருவை மாற்ற இயலாதவருக்கு அவ்வறிவால் பயன் என்ன? மாற்ற இயலுமானால், முன்பு அறிந்தது பொய்யாய் முடியும் அன்றோ?

பிற்கால ஆசிரியர்கள் நம் பகவானையும் சர்வஞ்ஞர் எனப் போற்றினர். ஆயினும், எந்நேரமும் அனைத்தையும் ஒருசேர அறிபவர் எனத் தம்மைக் கூறுவோர் தம்மைத் தவறாகக் கூறுகின்றனர் என்று அவர் வச்சகோத்தனிடம் தெளிவாகவே மறுத்தார். கணக்கன் மொக்கல்லானன் என்னும் பிராமணர், தங்களிடம் கேட்டவர் அனைவரும் நிப்பாணம் அடைகின்றனரா என வினவியபோது, இராசகிருகத்துக்கு வழி கேட்கும் இருவரை உவமை காட்டினார். ஒருவன் சொன்ன வழியில் சென்று சேர்கிறான். மற்றவன் திசைமாறிப் போகிறான். வழி காட்டுவது ததாகதர் தொழில். நடப்பது நடப்பவன் தொழில்.

3. நூலுருண்டை

தெய்வத்தை விட்டாலும் விதி நம்மை விடுவதில்லை. பகவான் காலத்தில் வாழ்ந்த மக்கலி கோசாலர் ஆசீவகரின் தலைவர். நியதி ஒன்றே உண்டு, முயற்சி என்பது இல்லை என்பது அவர் கோட்பாடு. தீக நிகாயத்துச் சாமஞ்ஞபல சுத்தத்தில் அஜாதசத்து மன்னன் அதனை எடுத்துரைக்கிறான்: வீசியெறிந்த நூலுருண்டை நூல் உள்ளமட்டும் உருண்டு அவிழ்வதுபோல, அறிஞனும் மூடனும் 84 இலட்சம் மகாகற்பங்கள் ஒருபடியாகச் சுழன்று முடிவர், தவத்தாலோ ஒழுக்கத்தாலோ அதனைக் கூட்டவும் குறைக்கவும் இயலாது.

நூல் என்றால் எனக்குச் சிறிது தெரியும். இருபது ஆண்டுகளுக்கு மேல் பஞ்சாலையில் உழைத்தவன் யான். பஞ்சின் தரம் என் கையில் இல்லை. காற்றின் ஈரமும், இயந்திரத்தின் வேகமும் என் கையில் இல்லை. கோடைப் பிற்பகலில் இழை மிகுதியாக அறும் என்று மேஸ்திரி காலையிலேயே சொல்லிவிடுவார், அவ்வாறே அறும். ஆனால் அறுந்த இழையை ஒட்டுவதும், ஒட்டாமல் விட்டுப் போவதும் என் கையில் இருந்தன. மக்கலியார் உருளும் உருண்டையைக் கண்டார்; இழையை ஒட்டும் விரலைக் காணவில்லை.

தானாகச் செய்வதும் இல்லை, பிறர் செய்வதும் இல்லை என்று வாதித்த பிராமணர் ஒருவரிடம், தாமாகவே முன்னும் பின்னும் அடிவைத்து நடக்கும் ஒருவர் அவ்வாறு கூறுவது எங்ஙனம் என்று பகவான் கேட்டார். தொடங்கும் ஆற்றல் நம்மிடம் உண்டு என்பதற்கு நம் அடுத்த அடியே சான்று.

4. நம் கன்மக் கொள்கையும் விதிதானோ?

"பௌத்தரும் முன்வினை என்கிறீர்களே, அதுவும் தலையெழுத்துத்தானே?" என்று கேட்பர். அன்று. இராசகிருகத்தில் சீவகன் என்னும் பரிவிராசகன் கேட்டபோது, பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், ஒழுங்கற்ற நடை, பிறர் தாக்குதல், வினைப்பயன் என்று வேதனைக்கு எட்டுக் காரணங்களைப் பகவான் கூறினார். வினை எட்டில் ஒன்று மட்டுமே. அவ்வினைக்கும் உப்புக்கட்டியை உவமை காட்டினார். அது சிறு கிண்ண நீரைக் குடிக்கவொண்ணாததாக்கும். கங்கையை என் செய்யும்? உப்பு ஒன்றே; நீர்தான் வேறு. சீலத்தாலும் பாவனையாலும் உள்ளத்தை விரித்தவனுக்குப் பழவினை கங்கையில் இட்ட உப்பாகும்.

நம் மணிமேகலையிலும் வருவது உரைத்தல் உண்டு. 21ஆம் காதையின் பெயரே 'கந்திற்பாவை வருவதுரைத்த காதை' என்பது. உதயகுமரன் முற்பிறப்பில் சமையற்காரனை வெட்டிய தீவினையே அவனை வாளுக்கு இரையாக்கியது எனத் தூணிற் பாவை கூறுகிறது. ஆயினும் வாள் வீசிய காஞ்சனனை அது விடுவித்ததோ? இல்லை. ஆராயாது செய்த கொடுமை அவனையும் தொடரும் என்றே கூறுகிறது. இறந்தவனுடைய முன்வினை கொன்றவனுக்குச் சாக்கு ஆகாது என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இது நமக்குப் பெரிதும் வேண்டிய பாடம். 'முற்பிறப்பின் பாவத்தால் இக்குலத்தில் பிறந்தாய்' என்று சொல்லியே நம் முன்னோரைச் சேரியில் நிறுத்தினர். பாபாசாகேப் அம்பேத்கர், அவர் மறைவுக்குப் பின் 1957இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலில், முற்பிறப்பு வினையே இப்பிறப்பின் நிலையை வகுக்கிறது என்னும் கொள்கையைப் பகவானுடையதென ஏற்க மறுத்தார். ஏழ்மைக்கு ஏழையையே குற்றவாளியாக்கும் கொள்கை அது என்று கண்டார். அவர் வழியே கொள்வோரும், மறுபிறப்பைப் பழைய முறையில் கொள்வோரும் நம்முள் இருக்கலாம். அடிப்பவன் கை அடிப்பவனுடையதே என்பதில் இருவரும் வேறுபடார்.

5. என் கடன்

1994ஆம் ஆண்டு யான் பணிசெய்த மில்லில், கார்டிங் இயந்திரத்தின் பல்சக்கர மூடி கழன்று பல நாள் கிடந்தது. என் தம்பி முறையான ஒருவன் இரவு ஷிப்டில் அதில் இரண்டு விரல்களை இழந்தான். அவன் தாய் என்னைப் பற்றி அழுதபோது, "விதி, சின்னம்மா, யாரால் தடுக்க முடியும்?" என்று தேற்றினேன். அவரும் தலையசைத்தார். மூடி மாட்டப்படவில்லை, எவரும் கேட்கவுமில்லை. மூன்றாம் மாதம் அதே சக்கரத்தில் மற்றொருவன் கையை இழந்தான்.

அன்றிரவு யான் உறங்கவில்லை. முதல் விபத்து எழுதப்பட்டிருந்ததோ இல்லையோ அறியேன். இரண்டாவதை என் சொல்லும் சேர்ந்து எழுதிற்று. மறுநாள் நாங்கள் பதினொருவர் மூடி மாட்டும்வரை அவ்வியந்திரத்தைத் தொடமாட்டோம் என்று நின்றோம். மாலைக்குள் மூடி வந்தது. ஒரு நாள் மாலைக்குள் வரக்கூடியதை மூன்று மாதம் விதி என்று அழைத்தேனே என்னும் வருத்தமே, பின்னாளில் என்னைத் தம்ம நூல்களின்பால் திருப்பியது.

ஆகவே இளைஞருக்கு என் விடை இது: நாளையை எவர் அறிந்தாலும் அறியாவிட்டாலும், நாளைச் செயலைச் செய்பவர் நீரே. மூதாட்டிக்கு என் விடை: அம்மா, பஞ்சு நம் கையில் இல்லை, இழை நம் கையில் இருக்கிறது.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. மூவகைக் கொள்கைகளுக்கும் பொதுவான குற்றம் யாது?
2. உப்புக்கட்டி உவமையில் நீர் எதைக் குறிக்கிறது?
3. உங்கள் வீட்டிலோ தொழிலிடத்திலோ 'விதி' என்று விட்டுவிட்ட ஒன்றைக் கூறுக. இம்மாதத்துக்குள் அதில் செய்யக்கூடியது யாது?

மூன்றாவது வினாவுக்கு விடையைச் செயலில் எழுதி, அடுத்த பௌர்ணமிக்கு வருக.

பவது சப்ப மங்களம்.