தலவாக்கலைத் தண்ணீரும் மின்னேரியா யானைகளும்

கேள்வி: தலவாக்கலை அணையில் தேக்கும் தண்ணீர், கரண்ட் எடுத்த பிறகு எங்கே போகிறது, ஐயா? வீணாகக் கடலுக்குத்தானா? – வாசகி, தலவாக்கலை

பதில்: கடலுக்கு முன்னால் வயலுக்குப் போகிறது, சகோதரி. மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. கொத்மலை ஓயாவின் நீர் சுமார் 13 கிலோமீட்டர் சுரங்கத்தில் இறங்கி, 150 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றிவிட்டு, 1985இல் முடிந்த கொத்மலை நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கே மறுபடியும் மின்சாரம். பிறகு மகாவலி. கண்டிக்குப் பக்கத்தில் பொல்கொல்ல அணை 1976 முதல் அந்த ஆற்றின் ஒரு பங்கை மலையைக் குடைந்து உக்குவெல பக்கம் திருப்பிவிடுகிறது. அது அம்பன் கங்கையில் கலந்து, மொரகஹகந்த நீர்த்தேக்கத்தையும் எலஹெர வாய்க்காலையும் தாண்டி மின்னேரியாக் குளம் வரை போகிறது.

இந்த ஏற்பாட்டின் காரணம் மழையில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் நம் பெண்கள் படங்கு கட்டி நனைந்துகொண்டு கொழுந்து எடுக்கும்போது, பொலன்னறுவைப் பக்கம் நிலம் வெடித்துக் கிடக்கும். அங்கே அது சிறுபோக நெற்செய்கைக் காலம். நம் மழைதான் அந்த நெல்லை விளைவிக்கிறது. இதை மலைநாட்டுப் பள்ளிகளில் இன்னும் அழுத்திச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: மின்னேரியா விவசாயக் குளம் என்கிறீர்கள். அங்கே யானையும் மீனவரும் வந்தது எப்படி? – அதே வாசகி

பதில்: குளம் மூன்றாம் நூற்றாண்டில் மகாசேன மன்னன் கட்டியது. அவனை அங்குள்ளவர்கள் இன்றும் மின்னேரித் தெய்வமாக வணங்குகிறார்கள். மீன்பிடி பெருகியது அண்மையில்தான். ஆபிரிக்காவின் திலாப்பியாவை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். நம் ஆற்று மீன்கள் பலவற்றுக்குத் தேங்கிய குளம் ஒத்துவரவில்லை, திலாப்பியாவுக்கு ஒத்துவந்தது. ஆண் மீன் கரையோரச் சேற்றில் தட்டுப்போல ஒரு குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு, உடனே வாயில் அள்ளிக்கொண்டு குஞ்சு பொரிக்கும் வரை காக்கும். இன்று தோணியில் வலை வீசுகிறவர்களின் பிழைப்பு பெரும்பாலும் இந்த மீன்தான்.

யானைகள் வருவது புல்லுக்காக. வயலுக்குத் தண்ணீர் போகப் போகக் குளம் வற்றி, ஈரமான அடிநிலத்தில் இளம்புல் முளைக்கும். காடு காய்ந்திருக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரை 300 யானைகள் வரை ஒன்றுகூடும். குட்டிகள் தாயின் காலுக்கிடையில் நிற்க, பெரியவை புல்லைக் காலால் உதைத்துப் பெயர்த்து, துதிக்கையால் மண்ணை உதறிவிட்டுத் தின்னும். அவை போடும் லத்தி மழைக்காலத்தில் நீரில் மூழ்கிக் கரைந்து உரமாகும். அந்த உரத்தில் வளரும் பாசி மீனுக்கு இரை. 1997இல் இப்பகுதி தேசியப் பூங்காவானது.

சிக்கல் 2018இல் மொரகஹகந்த நீர்த்தேக்கம் திறந்தபின் வந்தது. கோடையிலும் அங்கிருந்து நீர் வந்து சேர்வதால் சில ஆண்டுகளில் குளம் வற்றுவதில்லை. புல் தண்ணீருக்கடியில் போய்விடுகிறது. யானைகள் மெலிகின்றன, ஊருக்குள் நுழைகின்றன. குளத்தை எப்போதும் நிரப்பி வைப்பதை நான் ஏற்கவில்லை. சிறுபோக ஆரம்பக் கூட்டத்தில் விவசாயிகளும் அதிகாரிகளும் நீர்த்திறப்பைத் தீர்மானிக்கிறார்கள். ஆகஸ்டில் குளத்தின் மட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே, வனசீவராசிகள் திணைக்களத்தையும் மீனவர்களையும் உட்காரவைத்து முடிவுசெய்ய வேண்டும்.