ஆதிரை இட்ட பிச்சை

மாணவச் செல்வங்களே! பிரிஞ்சாங்கிலுள்ள சம்போ பௌத்தக் கோயிலை உங்களுட் பலர் கண்டிருப்பீர்கள். புத்தர் பெருமான் போதித்த அருளறத்தைத் தமிழில் விளக்கும் காப்பியம், சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையாகும்.

மணிமேகலை பெற்ற அமுதசுரபி, அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். எனினும், ஆதிரை என்னும் இல்லத்தரசி முதற்பிச்சை இட்ட பின்னரே அது காவிரிப்பூம்பட்டினத்து ஏழைகளின் பசியைத் தீர்த்தது. சிறைப்பட்டோரும் உண்டனர். வேண்டுவது யாதென அரசன் வினவியபோது, மணிமேகலை பொன்னைக் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள்.

நம்மிடம் அமுதசுரபி இல்லை. ஆனால், ஆதிரையைப் போல் ஒரு பிடி சோறு இட நம்மாலும் இயலும். இடைவேளையில், "பசியில்லை" என்று கூறித் தனித்திருக்கும் தோழனைக் கவனியுங்கள். காரணம் கேட்டு அவனை நாணச் செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, உங்கள் உணவைப் பகிர்ந்துண்ணுங்கள். பெற்றோர்களே, நாளைக் காலை ஒரு பிடி கூடுதலாக வைத்து அனுப்புங்கள்.